காயாத இருட்டு

முந்தின நாள் காலை பதினோரு மணிக்குப் போட்ட பூச்சு, மறுநாள் காலை பத்து மணி ஆகியும் காயவில்லை.

நீர்வண்ணத்தில் இப்படி நடப்பதில்லை. தண்ணீரில் கரைத்த வண்ணம்தானே, மின்விசிறிக்கு அடியில் வைத்தால் கால் மணி நேரத்தில் காய்ந்துவிடும். அதுவும் வெளியே வெயில் மண்டையைப் பிளக்கிற மாதம். பின்கட்டில் உலர்த்திய சட்டைகள் அட்டை போல விறைத்துக் கொடியில் தொங்கின, குழாயடி வாளியில் பிடித்து வைத்த தண்ணீர்கூடச் சுட்டது. அப்படிப்பட்ட நாளில் பலகையில் ஒட்டியிருந்த அந்தத் தடித்த காகிதத்தின் இடது பக்கம் மட்டும், இப்போதுதான் தூரிகையை எடுத்ததைப் போலப் பளபளத்துக்கொண்டிருந்தது. அவள் புறங்கையால் தொட்டுப் பார்த்தாள். ஈரம் சில்லென்று இருந்தது. விரலை முகர்ந்தால், வருஷக்கணக்கில் பூட்டிக் கிடந்த அறையைத் திறந்ததும் முகத்தில் அடிக்குமே, அந்த வாசனை.

"காகிதம் மட்டமான காகிதம். கடைக்காரன் தலையில கட்டிட்டான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, காயாத பூச்சின் மேல் இன்னொரு பூச்சு போட முடியாதே என்று எரிச்சலோடு காத்திருந்தாள். அவளிடம் இல்லாதது நேரம் ஒன்றுதான்.

பதினாறு வருஷமாக அவள் விதைப் பொட்டலங்களுக்குக் காய்கறி வரைகிறவள். கத்தரிக்காய், முள்ளங்கி, முட்டைக்கோஸ் எல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அவள் போடும் சிவப்பில் எந்தத் தோட்டத்திலும் தக்காளி காய்த்ததில்லை என்பது வேறு விஷயம். கம்பெனியில் எல்லோரும் அவளைக் 'காய்க்காரம்மா' என்றுதான் கூப்பிடுவார்கள். அவளும் சிரித்துக்கொள்வாள். ஆனால் ஆயுளில் ஒரே ஒரு முகமாவது உருப்படியாக வரைய வேண்டும் என்ற ஆசை, செருப்புக்குள் புகுந்த சிறு கல் போல அவளை நடக்கும்போதெல்லாம் உறுத்திக்கொண்டே இருந்தது.

அந்த முகம் யாருடையது என்பதில் அவளுக்குச் சந்தேகமே இருந்ததில்லை. தங்கை சுண்டு. பிறந்தபோது சுண்டுவிரல் அளவுதான் இருந்தாளாம், அதனால் அந்தப் பெயர் நின்றுவிட்டது. பதினோரு வயது இளையவள். பெற்றவர்கள் இருவரும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்த பிறகு சடை பின்னிவிட்டதும், காய்ச்சலுக்கு நெற்றியில் ஈரத்துணி போட்டதும், செவிலியர் படிப்புக்குக் கொண்டுபோய்ச் சேர்த்ததும் அக்காதான். இப்போது சுண்டுவுக்குத் தொலைதூர நகரத்தில் ஒரு பெரிய மருத்துவமனையில் வேலை கிடைத்திருக்கிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை பதினொன்றரைக்குப் பேருந்து. அக்கா ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டாள். அவள் போகவே கூடாது என்று உள்ளே ஒரு குரல் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்ததை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

போவதற்குள் படத்தை முடித்துவிட வேண்டும். அதற்காகவே இரண்டு வாரம் விடுப்பு போட்டிருந்தாள்.

எப்படி வரைவது என்பதற்கு ஒரு புத்தகம் இருந்தது. பழைய புத்தகக் கடையில் கிடைத்தது, முதுகு கிழிந்தது, தூக்கினால் கை வலிக்கும். சில நூறு வருஷத்துக்கு முன்னால் வாழ்ந்த ஒரு மேதையின் எண்ணெய் ஓவியங்கள் அத்தனையும் அதில் இருந்தன. கடைசிப் படத்தில் ஒரு பெண். உடம்பை இருட்டைப் பார்த்துத் திருப்பி உட்கார்ந்திருக்கிறாள். முகத்தை மட்டும் இடது தோளுக்கு மேலாக நம் பக்கம் திருப்பியிருக்கிறாள். எங்கிருந்தோ ஒரு ஜன்னல் வெளிச்சம் அவள் கன்னத்தில் விழுகிறது. மற்றதெல்லாம் இருட்டு, குடித்துவிடலாம் போல அடர்த்தியான பழுப்பு இருட்டு. கீழே மூன்றே வரி. மேதையின் கடைசிப் படம். பெண் யாரென்று தெரியவில்லை. கண்களில் வண்ணம் சேதமாகியிருக்கிறது. உண்மைதான், இரண்டு கண்ணிலும் ஒளிப்பொட்டு இருக்க வேண்டிய இடத்தில் வண்ணம் உரிந்து வெறும் துணி தெரிந்தது. பாவம், இந்த அழகுக்கு இப்படி ஒரு பழுதா என்று நினைத்தாள். என் படத்தில் அந்த ஒளியை நான் வைக்கிறேன் என்றும் நினைத்தாள். மேதையை ஒரு காய்க்காரம்மா முந்துகிற இடம் அது ஒன்றுதான் என்று அவளுக்குக் கொஞ்சம் கர்வம்கூட வந்தது.

எண்ணெய் வண்ணத்தில் வரைகிறவர் வெளிச்சத்தைக் கடைசியில் வைப்பார், இருட்டு எல்லாம் முடிந்த பிறகு வெள்ளையை ஒரு சொட்டு. நீர்வண்ணத்தில் வெள்ளை என்பதே கிடையாது, காகிதம்தான் வெள்ளை. அதனால் வெளிச்சத்தை முதலிலேயே ஒளித்து வைக்க வேண்டும். அதற்கு ஒரு பசை உண்டு. மாஸ்கிங் என்று கடையில் கேட்டால் தருவார்கள், அவள் வாய்க்கு அது எப்போதும் ரப்பர் பால்தான். வெள்ளையாக நிற்க வேண்டிய இடத்தில் அதைத் தொட்டு வைத்தால் மஞ்சள் தோலாக உலர்ந்து ஒட்டிக்கொள்ளும். அதன் மேல் எத்தனை பூச்சு வேண்டுமானாலும் போடலாம். எல்லாம் காய்ந்த பிறகு கட்டைவிரலை வைத்து ஓரத்திலிருந்து மெல்ல வட்டமாகத் தேய்த்தால் சுருண்டு உருண்டு வந்துவிடும், அடியில் காகிதம் பளீரென்று இருக்கும். கண்டிப்பான விதிகள் இரண்டு. ஈரக் காகிதத்தில் பசையை உரிக்கக் கூடாது, காகிதத்தின் தோலும் சேர்ந்து வந்துவிடும். மூன்று நாளுக்கு மேல் விட்டுவைக்கவும் கூடாது, பசை காகிதத்தைக் கவ்விக்கொள்ளும்.

முதல் பூச்சுக்கு முன்பே நாலு இடத்தில் தொட்டு வைத்திருந்தாள். இரண்டு கண், மூக்கு நுனி, கீழுதடு.

பத்தரை மணிக்குச் சுண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். வடக்கு ஜன்னல் வெளிச்சம் சரியாகக் கன்னத்தில் விழுந்தது. அவள் உடம்பு பார்த்திருந்த மூலையில் அக்கா கருப்புத் துணி ஒன்றைக் கட்டியிருந்தாள்.

"அக்கா, அந்தத் துணி ஏன் ஆடுது?"

"காத்துல ஆடும். நீ ஆடாதே."

"நீதான் ஃபேனை நிறுத்திட்டியே. முடி பறக்குதுன்னு."

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். துணி ஆடவில்லை. ஆனால் இத்தனை நேரம் ஆடி இப்போதுதான் நின்றது போல ஒரு நிதானம் அதில் இருந்தது. "வாயை மூடிட்டு உக்காரு, உதடு மாறுது" என்றாள்.

"மடியில யாரோ ஈரத்துணி போட்ட மாதிரி சில்லுன்னு இருக்கு. நல்லாத்தான் இருக்கு, இந்த வெயிலுக்கு."

சுண்டு சிரித்தாள். அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை, காயாத பூச்சைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் துணியை அவிழ்த்துவிட்டாள். பின்னால் வெள்ளையடித்த சுவர், போன வருஷம்தான் அடித்தது. ஆனால் சுண்டு வந்து உட்கார்ந்ததும் அந்த மூலையில் வெள்ளை தெரியவில்லை. ஜன்னல் முழுக்கத் திறந்திருந்தது, தெருவில் தகரம் தட்டும் சத்தம் கேட்டது, பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் அடித்தது. பட்டப்பகல். வெளிச்சம் ஜன்னலில் நுழைந்து, தரையைக் கடந்து, சுண்டுவின் கன்னத்தைத் தொட்டு, அதோடு நின்றது. அதற்கு அப்பால் போகவில்லை. கண் கூசுகிறது போல என்று கசக்கிக்கொண்டு அவள் வரைந்தாள். நன்றாக வந்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும். பதினாறு வருஷத்தில் அவள் கை இப்படி ஓடியதில்லை. பழுப்பின் மேல் பழுப்பு, அதன் மேல் நீலம், மறுபடி பழுப்பு. ஈரத்தின் மேலேயே போட்டாள். போட்டதெல்லாம் அந்த இருட்டு வாங்கிக்கொண்டது.

நாலாம் நாள் சுண்டுவின் கழுத்து அப்படியே நின்றுவிட்டது.

சாப்பிடும்போதும் முகம் இடது தோளுக்கு மேல். பல் தேய்க்கும்போதும். அறைக்குள் நடந்தால் நண்டு போலப் பக்கவாட்டில் நடந்தாள். முதலில் அக்காவுக்கு விளையாட்டாகத்தான் பட்டது.

"கழுத்து பிடிச்சுக்கிச்சா? தைலம் தேய்க்கட்டுமா?"

"பிடிக்கல."

"அப்ப நேராத் திருப்பேன்."

கேட்கக் கூடாதவர் யாரோ பக்கத்தில் இருப்பது போலச் சுண்டு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்.

"திருப்பினா அந்தப் பக்கம் பாக்கணும்ல அக்கா."

"எந்தப் பக்கம்?"

"எந்தப் பக்கம் திரும்பினாலும் முன்னாடி அந்த மூலைதான் இருக்கு. நடந்தாலும் கூடவே வருது."

அக்கா அவள் தலையைத் தடவிக்கொடுத்தாள். வேலைக்குப் போகிற பயம், புது ஊர் பயம், வேறொன்றுமில்லை என்றாள். சொல்லும்போதே, அப்படியானால் போகாமல் இருந்துவிடேன் என்று உள்குரல் சந்தோஷமாக எட்டிப் பார்த்தது. அந்தச் சந்தோஷத்துக்காக அவள் பிறகு தன்னை மன்னிக்கவே இல்லை.

அன்று மாலை வெயில் இறங்கும் முன்பே படத்தைப் பலகையோடு எடுத்துக்கொண்டு தெருக்கோடியில் இருந்த சட்டம் போடும் கடைக்குப் போனாள். அளவு கொடுத்தால்தான் ஞாயிற்றுக்கிழமைக்குள் சட்டம் தயாராகும். அந்தக் கடைக்காரர் படங்களைப் பார்ப்பதே இல்லை, பார்க்க ஆரம்பித்தால் கோணலாக அறுத்துவிடுவேன் என்பார். காதில் பென்சிலோடு அளவு நாடாவை நீட்டினார்.

"மேல இன்னும் நாலு விரக்கடை இடம் விடணும்மா. ரெண்டு பேர் படம்ல, தலை இடிக்கும்."

"ஒரு பொண்ணுதான் அண்ணே."

அவர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார். குனிந்து பார்த்தார். காதிலிருந்த பென்சிலை எடுத்து, காகிதத்தைத் தொடாமல், இருட்டுக்குள் ஒரு கோடு காட்டினார்.

"அப்ப இவரு யாரு? இது தோள். இது சட்டைக் கை. இதோ பாருங்க, கை, பாப்பா தோள் மேல வச்சிருக்காரு." நாக்கைச் சப்புக்கொட்டினார். "காய்தான் போடுவீங்கன்னு நினைச்சேன். நெழல்ல ஒளிச்சு வச்சு வரையறீங்களே, பெரிய ஆள்தான்."

அவள் பார்த்தாள். முதலில் பழுப்பு மட்டும் தெரிந்தது. பிறகு பழுப்புக்குள் பழுப்பாக மடிப்பு விழுந்த ஒரு சட்டைக் கை. அதிலிருந்து இறங்கிய நீளமான விரல்கள். கட்டைவிரல் மட்டும் மற்ற விரல்களிலிருந்து விலகி, எதற்கோ காத்திருப்பது போல நிமிர்ந்திருந்தது. அதை அவள் வரையவில்லை. கை வரைந்த ஞாபகமே அவளுக்கு இல்லை.

"ஈரமா இருக்கும்மா" என்றார் கடைக்காரர், கையைத் துணியில் துடைத்துக்கொண்டே. "காஞ்சதும் கொண்டாங்க. காயாததுக்குச் சட்டம் போட முடியாது."

வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாக வந்து புத்தகத்தைப் பிரித்தாள். கடைசிப் படம். ஜன்னலருகே கொண்டுபோய் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். அங்கேயும் சட்டைக் கை. அங்கேயும் விரல்கள். இத்தனை நாள் பார்த்துப் பார்த்து வரைந்தவளின் கருத்தில் பதியாமல், அங்கேயேதான் இருந்திருக்கிறது. கண்ணில் பட்டதைத்தான் கை வரைந்திருக்கிறது, அவளிடம் கேட்காமல்.

துடைத்துவிடலாம் என்று நினைத்தாள். நீர்வண்ணத்தில் அதற்கு வழி உண்டு. ஈரப் பஞ்சால் ஒற்றி ஒற்றி எடுத்தால் வண்ணம் கிளம்பி வந்துவிடும். ஒற்றினாள். பஞ்சு பழுப்பானது, பிழிந்தாள், மறுபடி ஒற்றினாள். கிண்ணத்துத் தண்ணீர் கறுத்தது. மாற்றினாள், அதுவும் கறுத்தது. நாலு நாளில் அவள் போட்ட வண்ணத்தைவிட அதிகமாக வந்துகொண்டே இருந்தது. அரை மணி நேரம் கழித்து நிமிர்ந்து பார்த்தபோதுதான் தான் செய்த மடத்தனம் உறைத்தது. இருட்டிலிருந்து வண்ணத்தை எடுத்தால் அந்த இடம் வெளுக்கும், வெளுத்தால் தெளிவாகத் தெரியும். கையை அழிக்கப் போய்க் கைக்கு வெளிச்சம் போட்டிருந்தாள். இப்போது நகங்கள்கூடத் தெரிந்தன. நகக்கண்களில் வண்ணம் படிந்திருந்தது.

அன்று அவள் இன்னொரு தப்பும் செய்தாள். இந்த ஈரம்தான் எல்லாவற்றுக்கும் காரணம், காயட்டும், காய்ந்தால் எதுவும் அசையாது என்று ஒரு வெறி வந்தது. சுண்டுவின் தலைமுடி உலர்த்தும் இயந்திரத்தை எடுத்து, சூட்டை முழுதாக வைத்து, படத்தின் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். ரப்பர் பால் மேல் சூடு காட்டக் கூடாது, உருகிக் காகிதத்தோடு ஒன்றாகிவிடும். முதல் மாதம் வேலை பழகுகிறவர்களுக்குக்கூடத் தெரியும். அவளுக்கும் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் கண்ணில் அந்தக் கை மட்டும்தான் இருந்தது.

உள்ளே சுண்டு அலறினாள்.

"முகம் காந்துது அக்கா! யாரோ தீயைக் காட்டுற மாதிரி..."

இயந்திரம் கையிலிருந்து விழுந்தது. ஓடிப் போய்ப் பார்த்தாள். சுண்டு கட்டிலில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டிருந்தாள். கையை விலக்கினால் காயம் எதுவும் இல்லை. மூக்கு நுனியில் மட்டும் ஒரு மினுமினுப்பு. கீழுதட்டில் ஒரு மினுமினுப்பு. இரண்டு கருவிழியின் மேலும், கடுகளவு, மஞ்சளாக ஒரு தோல்.

பலகையில் இருட்டு காயவில்லை. ஒரு பொட்டுக்கூட.

வெள்ளிக்கிழமை காலை சுண்டு கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டாள். செவிலியர் அல்லவா, தனக்குத் தெரிந்ததெல்லாம் செய்து பார்த்தாள். கழுவினாள். ஒத்தடம் கொடுத்தாள். "தொற்றா இருக்கும். சரியாயிடும்" என்று அக்காவுக்கு ஆறுதல் சொன்னாள். முகம் தோளுக்கு மேல் திரும்பியபடியே சொன்னாள். மத்தியானம் மஞ்சள் தோல் மிளகளவு ஆகியிருந்தது.

அப்போதுதான் அந்த உள்குரல் செத்தது. இருந்துவிடு என்று கெஞ்சிக்கொண்டிருந்த குரல். அக்கா பெட்டியை இழுத்துப் போட்டுத் துணிகளை வாரி அடைத்தாள்.

"கிளம்பு. இன்னைக்கே போ. எந்த பஸ் கிடைக்குதோ அதுல ஏறு. இந்த வீட்ல இருக்காத."

"அக்கா, எனக்குக் கதவே சரியாத் தெரியல."

"நான் கொண்டுபோய் விடறேன். கூடவே வரேன்."

வாசல் வரை போனார்கள். படியில் கால் வைத்ததும் சுண்டு நின்றுவிட்டாள். வெளியே வெயில் கொளுத்தியது, தெருவில் ஒரு சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனது.

"முன்னாடி நிக்குது அக்கா. நான் நடந்தா இடிக்கும். வேணாம். வேணாம்."

கண் மருத்துவரை வீட்டுக்கே அழைத்து வந்தாள். அவர் டார்ச் அடித்துப் பார்த்தார், கண்ணில் ஒன்றுமே இல்லை, பயந்து போயிருக்கிறாள், தூங்கட்டும் என்று மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். போகும்போது, "இந்த ரூம் ஏன் இவ்ளோ இருட்டா இருக்கு? ஜன்னலைத் திறந்து வைங்க" என்றார். ஜன்னல் திறந்துதான் இருந்தது.

படத்தைக் கிழித்துவிடலாம் என்று அவள் நினைக்காமல் இல்லை. முதலில் குழாயடிக்குத்தான் கொண்டுபோனாள். தண்ணீரில் போட்டது தண்ணீரோடு போகட்டும் என்று குழாயைத் திறந்து பலகையைச் சாய்த்தாள். உள்ளே சுண்டுவுக்குப் புரையேறியது. இருமல் நிற்கவில்லை, மூச்சுத் திணறியது, தண்ணீரில் அமுக்கினால் வருகிற சத்தம் வந்தது. குழாயை மூடினாள். இருமல் நின்றது. கிழிப்பதைப் பற்றி அதற்குப் பிறகு அவள் நினைக்கவில்லை.

மிச்சம் இருந்தது ஒன்றுதான். பசையை உரிக்க வேண்டும்.

ஈரக் காகிதம். ஆறு நாள் ஆன பசை. சூடு பட்டது. மூன்று தப்பும் சேர்ந்துவிட்டது, என்ன ஆகும் என்று அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் யார். சனிக்கிழமை காலை ஜன்னலருகே பலகையை வைத்துக்கொண்டு, மூச்சை அடக்கி, மூக்கு நுனியில் கட்டைவிரலை வைத்தாள். மெல்ல வட்டமாகத் தேய்த்தாள். ஓரம் சுருண்டது. உருண்டு வந்தது. அடியில் வெள்ளை, காகிதம் கொஞ்சம் பஞ்சு கிளம்பியிருந்தது, அவ்வளவுதான்.

"சுண்டு? எப்படி இருக்கு?"

"மூக்கு லேசாயிடுச்சு அக்கா" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. அக்கா அழுதுவிட்டாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கீழுதட்டில் விரலை வைத்தாள்.

அது வரவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தினாள். வந்தது. பசை மட்டும் வரவில்லை, அதோடு காகிதத்தின் மேல் தோலும் நீளமாக உரிந்து வந்தது.

உள்ளே சத்தமே இல்லை. போய்ப் பார்த்தாள். சுண்டு வாயைக் கையால் பொத்திக்கொண்டிருந்தாள். விரலிடுக்கில் ரத்தம். கையை எடுத்தபோது கீழுதட்டில் தோல் இல்லை.

இன்னும் இருந்தவை இரண்டு கண்கள்.

அக்கா படத்தைச் சுவர் பக்கம் திருப்பி வைத்தாள். உதட்டுக்கு மருந்து வைத்தாள். தங்கையின் தலையை மடியில் வைத்துக்கொண்டாள், முகம் தோளுக்கு மேல் திரும்பியபடியே மடியில் கிடந்தது. "கண்ணை எடுக்க மாட்டேன். சத்தியமா எடுக்க மாட்டேன். கண்ணு தெரியலன்னாலும் பரவாயில்ல, நான் பாத்துக்கறேன். ஆயுசு பூரா நான் இருக்கேன்" என்றாள். சுண்டு தலையசைத்தாள். மஞ்சள் தோலுக்கு அடியில் அவள் கண் அசைவது தெரிந்தது.

மாலையில் புத்தகத்தை எடுத்து, பூதக்கண்ணாடியை வைத்து, அந்தப் பெண்ணின் கண்களைப் பார்த்தாள். வண்ணம் உரிந்த இடம். சேதம் என்று போட்டிருந்த இடம். ஓரங்கள் சுருண்டிருந்தன. இரண்டு கண்ணிலும் ஒரே மாதிரி, வெளி ஓரத்திலிருந்து உள்ளே பார்த்து. கட்டைவிரலால் வட்டமாகத் தேய்த்தால் சுருளுமே, அப்படி.

புத்தகத்தை மூடினாள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் கண் விழித்தபோது ஒன்பதேமுக்கால். வெயில் நன்றாக ஏறியிருந்தது. எத்தனையோ நாளைக்குப் பிறகு அறையில் அந்தப் பூட்டிய வாசனை இல்லை. பலகை சுவர் பக்கம் திரும்பியேதான் இருந்தது. பின்னாலிருந்து கையை விட்டு இடது பக்கத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

காய்ந்திருந்தது. மொரமொரவென்று. எப்போதோ, வருஷங்களுக்கு முன்னால் காய்ந்தது போல.

ஒரு கணம் அவளுக்கு நெஞ்சு நிறைந்து போனது. காய்ந்துவிட்டது. விட்டுவிட்டது. போகலாம். சுண்டு போகலாம். பெட்டியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு, "சுண்டு, எழுந்திரு, பஸ்ஸுக்கு நேரமிருக்கு" என்று கத்திக்கொண்டே கட்டிலுக்குப் போனாள்.

கட்டில் காலி.

அப்போதுதான் நினைவுக்கு வந்தது. காய்ந்த பிறகுதான் உரிப்பார்கள்.

வடக்கு ஜன்னல் அறையின் வாசலுக்கு வந்தாள். வெளிச்சம் கன்னத்தில் விழும்படி சுண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். உடம்பு மூலையைப் பார்த்து. முகம் இடது தோளுக்கு மேல், வாசலைப் பார்த்து. இரண்டு கண்ணும் மஞ்சளாக மூடியிருந்தன. மூலையில் சுவர் இல்லை.

அக்காவின் இரண்டு கையும் பெட்டியின் பிடியில் இருந்தன. விரல் பிரியவில்லை. கால் நகரவில்லை. வாய் திறந்தது, குரல் வரவில்லை.

இருட்டிலிருந்து சட்டைக் கை நீண்டது. அவசரமில்லாமல். வேலை தெரிந்தவரின் நிதானத்தோடு. தோளில் கொஞ்சம் தங்கியது. கழுத்தில் ஏறியது. நாலு விரல்கள் கன்னத்தை ஏந்திப் பிடித்துக்கொண்டன, நகக்கண்ணில் பழுப்பு வண்ணம். கட்டைவிரல் மெல்ல வந்து கண்ணின் வெளி ஓரத்தில் படிந்தது.

தோல் போன உதட்டில் சுண்டு சிரிக்கப் பார்த்தாள்.

"வந்துட்டியா? எடுக்க மாட்டேன்னு சொன்னியே." சிறு குழந்தை தலை பின்னக் காட்டுவது போல முகத்தைக் கொஞ்சம் நிமிர்த்திக் கொடுத்தாள். "அக்கா, நீதானே?"

கட்டைவிரல் வட்டமாகத் தேய்க்க ஆரம்பித்தது. ஓரம் சுருண்டது.

"மெதுவா அக்கா" என்றாள் சுண்டு.